பெயரில்லாத பிரதிஷ்டை

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூர் வந்து பத்தொன்பது வருடம் முடிகிறது. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரித் தோழிகள் வருடம் தவறாமல் கடிதம் போடுவார்கள். நானும் வருடம் தவறாமல், நேரமில்லை என்று பதில் போடுவேன். அது பொய். நேரம் இருந்தது, சொல்லத்தான் ஒன்றும் இல்லை. லிப்டில் இறங்கி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய், பஸ்ஸில் இறங்கி லிப்டில் ஏறி வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதினால் நீங்கள் எத்தனை பக்கம் படிப்பீர்கள்?

இந்த வருடம் விஷயம் இருக்கிறது. சமீபத்தில் என்னால் இந்த ஊரில் ஒரு சாமி உண்டாகிவிட்டது. ஒரு மாதம் இருந்துவிட்டு, இடத்தைக் காலி செய்யச் சொன்ன தேதியில் போய்விட்டது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண் நான், போதாததற்கு தமிழ் பி.ஏ. முதல் வகுப்பு. எப்படி நடந்தது என்று சொல்கிறேன், சிரித்துவிட்டுப் பாதிரியாரிடம் சொல்லாமல் இருங்கள்.

2

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் ஒரு நாலு மொழி அச்சகத்தில் தமிழுக்கு இருக்கிறேன். சீனத்துக்கு ஒருவர், மலாய்க்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு முதலாளி மிஸ்டர் கோ. சுவரில் ஒட்டுகிற அறிவிப்புகள்தான் எங்களுக்கு அதிகம் வரும். எச்சில் துப்பாதே, லிப்ட் கதவில் சாயாதே, துணி காயப்போடும் மூங்கிலை இப்படி நீட்டாதே, பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிடாதே, கொசு வரும். உட்லண்ட்ஸில் இருந்து சுவா சூ காங் வரைக்கும் எந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ் நின்றாலும் நான் எழுதிய தமிழ் ஒரு வரியாவது கண்ணில் படும். ஒன்றிலும் என் பெயர் இருக்காது, அது வேறு விஷயம்.

தமிழுக்கு எப்போதும் கடைசி இடம், அதுவும் ஒரு விரற்கடை அகலம். மிஸ்டர் கோ அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் உங்கள் மொழி மட்டும் இவ்வளவு நீளம் என்பார். சீனத்தில் நாலு கட்டத்தில் முடிகிற சமாசாரம் நமக்கு ஒன்றரை வரி வரும். வந்த புதிதில் நான், ‘தயவுசெய்து எச்சில் துப்பாதீர்கள்’ என்று மரியாதையாக எழுதிக் கொடுத்தேன். இடம் பற்றவில்லை. ‘தயவுசெய்து’ போயிற்று. பிறகு ‘கள்’ளும் போயிற்று. துப்பாதீர், சாயாதீர், நீட்டாதீர், தேங்க விடாதீர். இடம் இல்லாததால் வெட்டின மரியாதையை இந்த ஊர் ஏதோ செந்தமிழ் என்று நினைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

எழுதினதை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் நான் கொடுக்க மாட்டேன். வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவேன், சமையலறை மேசையில் பரத்திக்கொண்டு, கையில் சிவப்புப் பென்சிலோடு, நீர் தேங்க விடாதீர், நீர் தேங்க விடாதீர் என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர் ஆரோக்கியம், கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். “ஜெபமாலை ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டே குளிக்கப் போவார்.

3

எங்களுக்கு ஒரே பெண், ஸ்டெல்லா. கைக்குழந்தையாகக் கப்பலில் கொண்டுவந்தேன். ஐந்து வயது வரைக்கும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் பேசினாள், பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடமும் அதையே பேசினாள். பள்ளிக்கூடம் போன மூன்றாம் மாதம், பஸ்ஸில் நான் ஏதோ சொல்ல, “அம்மா, மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்கிறாங்க” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவள் தமிழில் ஒரு அறை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் சாப்பாடு, தலைவலி, துணி, இந்த மூன்றுக்கும் மட்டும் தமிழ் மிச்சம்.

அது போகட்டும், எல்லார் வீட்டுக் கதையும்தான். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் அதை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள். ஓவியம் படிக்கப் போகிறாளாம். படம் வரைந்தாலாவது ஒரு மாதா படம், ஒரு மலை, ஒரு ஆறு என்று மனம் ஆறியிருக்கும். இவள் வரையவே இல்லை. கலர் டிவி வாங்கினவர்கள் தூக்கிப் போட்ட கறுப்பு வெள்ளை டிவிகளைப் புளோக்கின் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலாவது டிவி லிப்டில் இருந்து இறங்கினபோது நான் கேட்டேன், “குப்பை பொறுக்கவா உன்னைப் படிக்க வச்சோம்?”

அவள் டிவியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. உப்பு எடு என்பதைக்கூட இவர் வழியாகத்தான். இவர் நடுவில் மாட்டிக்கொண்டு, “இந்த வீட்டுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும், நான் சம்பளம் கேக்கப் போறேன்” என்று அலுத்துக்கொண்டார். ஆனால் அவரே ஒரு கெடு வைத்தார். ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தால் போகட்டும், கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் கணக்கியல், அப்புறம் பேச்சே கூடாது. ஸ்டெல்லா சரி என்றுவிட்டாள்.

கல்லூரியில் மிஸ் லிம் என்று ஓர் ஆசிரியை. நீ செய்த ஒன்றை ஓர் இடத்தில் வை, நான் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். நம்மவர் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த, இடிக்கப்போகிற கடைவீடு ஒன்றின் மாடியை யாரோ ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பொதுக்காட்சி என்பதால் அனுமதி வாங்க வேண்டும். நோட்டீஸ் நாலு மொழியிலும் வரட்டும் என்று இடம் கொடுத்தவர் சொல்லிவிட்டார். அப்படித்தான் ஒரு நாள் காலை எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொல்: அன்டைட்டில்ட், இன்ஸ்டலேஷன். கீழே, ‘அம்மா, தமிழ், வெள்ளிக்குள்’. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கடிதம் அது. நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

4

அன்டைட்டில்ட் சுலபம். ‘பெயரில்லாதது’. பெற்ற பிள்ளைக்குப் பேர் வைக்காமல் வெளியே அனுப்புவானேன் என்று தோன்றியது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்ஸ்டலேஷன் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கண்ட பொருள்களை ஓர் அறையில் அடுக்கிவைத்து அதையே கலை என்பதற்கு இந்தப் பேராம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம்தான் குளிர்சாதனக் கடை ஒன்றின் விளம்பரத்துக்கு ‘பொருத்துதல் இலவசம்’ என்று எழுதியிருந்தேன். என் மகள் செய்வது பொருத்துதலா? இவரைக் கேட்டேன். “எங்க கிளப்ல புதுத் தலைவர் வந்தா இன்ஸ்டலேஷன்னுதான் கார்டு அடிப்பாங்க. பதவியேற்புன்னு போடு.” அகராதியில் நிறுவுதல் என்று இருந்தது, அதைப் பார்த்தால் தொழிற்சாலைக்கு மின்விசிறி மாட்டுவது மாதிரி இருந்தது. அவளிடமே போய் நீ செய்திருப்பது என்ன என்று கேட்டிருக்கலாம். ஒரு வாசல் தாண்டினால் அவள் அறை. கேட்க வாய் வரவில்லை. நான் முதலில் பேசுவதா என்கிற வீம்பு, வேறென்ன.

வியாழன் மாலை சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து யோசித்தேன். சண்டை என்றாலும் என் பெண். அவள் முதன்முதலாக ஊர் பார்க்க ஒன்றை வைக்கிறாள். அதற்கு ஒரு கௌரவமான சொல் வேண்டாமா? அப்போது வந்தது அந்தச் சொல். நம் ஊரில் கோவிலில் சிலை வைத்தாலும் அதுதான், இங்கிலீஷ் பத்திரிகை அதை இன்ஸ்டலேஷன் என்றுதான் போடும். எழுதினேன்: ‘பெயரில்லாதது. பிரதிஷ்டை. சனிக்கிழமை காலை பதினோரு மணி. அனைவரும் வருக.’ வாய்விட்டுப் படித்தேன், கம்பீரமாக இருந்தது. விரற்கடைக்குள் அடங்கவும் செய்தது. மிஸ்டர் கோ முதல் தடவையாக, குட், ஷார்ட் என்றார்.

அதோடு விட்டேனா? பெருமை தாங்காமல் நானே இருபது நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் சிராங்கூன் சாலையில் கடை கடையாகக் கொடுத்தேன். பூக்கடை தனம் அக்கா ஒன்றை வாங்கி, தமிழ் வரியை மட்டும் நிதானமாகப் படித்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பக்தியில் எங்கள் எல்லாரையும் விட ஒரு படி மேலே.

“பெயரில்லாததா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா. பேர் வைக்கலையாம்.”

“அதுக்கென்ன, அப்படியும் இருக்கும்லா. எத்தனை மணிக்கு? பதினொண்ணா? நல்ல நேரம்தான்.” நோட்டீஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாப் பக்கத்தில் சொருகினார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் மண்டையில் ஏறவில்லை.

5

சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று எனக்கு ஒரே யோசனை. நாலு மொழியில் ஊரையே கூப்பிட்டிருந்தாள், என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. பதினொன்றரை மணிக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “அனைவரும் வருகன்னு எழுதினவ நீதானே, அந்த அனைவர்ல நீ இல்லையா?” என்றார். ஃபேரர் பார்க்கில் இருக்கிற எங்கள் புளோக்கில் இருந்து நடந்தே போனோம்.

சந்துக்குள் திரும்பினதும் முதலில் பார்த்தது செருப்புகளை. மாடிப்படியின் அடியில் பெண்கள் செருப்பு, ஒரு முப்பது ஜோடி. பக்கத்தில் பளபளவென்று ஒரு ஜோடி ஆபீஸ் ஷூ. மேலே இருந்து மல்லிகை வாசம், ஊதுபத்தி வாசம். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். “மேரி, நீ என்ன எழுதினே?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் தனம் அக்கா நோட்டீஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது.

மேலே ஏறினோம். அறை நடுவில் டிவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தாள். எல்லாத் திரையிலும் வெறும் புள்ளி, உஸ்ஸென்று இரைச்சல். அதைச் சுற்றி என் பழைய வெள்ளைப் புடவை ஒன்று. கீழே எங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளம், அது நிறையத் தண்ணீர். தாம்பாளத்தைக் காணோம் என்று நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் அரளியும் சாமந்தியும் மிதந்தன, உச்சி டிவிக்கு ஒரு முழ மாலை விழுந்திருந்தது. வாழைப்பழம், வெற்றிலை, உடைத்த தேங்காய் இரண்டு மூடி. முப்பது பெண்கள் கைகூப்பி நின்றார்கள். தனம் அக்கா கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றார். மூலையில் ஸ்டெல்லா, முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் வெள்ளை முடி வெட்டின சீன அம்மா ஒருவர். அவர்தான் மிஸ் லிம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அப்போது டிவிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இரைச்சலுக்கு நடுவில், தேய்ந்துபோய், திரும்பத் திரும்ப ஒரே சொல். விடாதீர். விடாதீர். விடாதீர்.

யார் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் குரலை நாம் வெளியிலிருந்து கேட்பதில்லையே. அது நான். பூந்தொட்டித் தட்டுகளில் நீர் தேங்க விடாதீர். சமையலறை மேசையில் நான் சொல்லிப் பார்த்ததை இந்தப் பெண் டேப்பில் பிடித்து, தலையை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் ஓடவிட்டிருக்கிறாள்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், “கேட்டியா? கைவிடாதீர் கைவிடாதீர்னு நமக்காக அதுவே வேண்டிக்குது.”

கொசு ஒழிப்பு அறிவிப்பம்மா அது என்று எந்த வாயால் சொல்வேன்?

சொல்ல நேரமும் இல்லை. தனம் அக்கா தீப்பெட்டியை எடுத்தார். நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன். “அக்கா, கற்பூரம் மட்டும் வேணாம். பழைய டிவி, வெடிச்சிரும்.” அவர் கொஞ்சம் யோசித்து, “அதுவும் சரிதான்” என்று தட்டைக் கீழே வைத்தார்.

அதற்குள் கையில் கோப்போடு ஒரு சீனப் பையன் என்னை நோக்கி வந்தான். அனுமதி கொடுத்த அலுவலகத்தில் இருந்து வந்தவன். ரொம்ப மரியாதையான பையன், காலில் வெறும் சாக்ஸ். கீழே இருந்த ஆபீஸ் ஷூ அவனுடையதுதான். படிவத்தில் இரண்டு கட்டம்: சமயம், சமயம் அல்ல. விண்ணப்பத்தில் சமயம் அல்ல என்று இருக்கிறது, இங்கே பார்த்தால் அப்படி இல்லையே, சமய நிகழ்ச்சி என்றால் வேறு அனுமதி, அது வரும்வரை மூடத்தான் வேண்டும் என்றான். மிஸ் லிம் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயம்தான் இருந்தது.

“தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று நோட்டீஸைக் காட்டிக் கேட்டான்.

“இன்ஸ்டலேஷன்” என்றேன்.

“நிச்சயமாகவா?”

“இந்த ஊரில் தமிழ் அறிவிப்பு எழுதுவதே என் வேலை. உங்கள் லிப்டில் சாயாதீர் என்று போட்டிருக்கிறதே, அது நான்தான்.”

“அப்படியானால் எல்லாரும் ஏன் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்?”

“நீங்கள் ஏன் கழற்றினீர்கள்?”

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். காது சிவந்தது. எல்லாரும் கழற்றியிருந்தார்கள், நானும் கழற்றினேன் என்றான். அதேதான், அவர்களும் அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துத் தடுமாறிவிட்டு, நெருப்பு மட்டும் கூடாது என்று எழுதிக்கொண்டு, ‘சமயம் அல்ல’ கட்டத்தில் டிக் போட்டான். போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று தாம்பாளத்தைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனான்.

6

கூட்டம் குறைந்த பிறகு ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏம்மா அந்தப் பாட்டி அழுதாங்க?” எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

சொன்னேன். தண்ணீரை நிற்க விடாதீர் என்றாலும் விடாதீர்தான், எங்களை விட்டுவிடாதீர் என்றாலும் அதே விடாதீர்தான் என்றேன்.

“எனக்கு அது தெரியாதும்மா. அந்த லாஸ்ட் வார்த்தை மட்டும் கேக்க நல்லா இருந்துச்சு, அதான் கட் பண்ணேன். ஐ தாட் கொசு ஒன்லி.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “எனக்குத் தெரிஞ்ச தமிழே அதுதானே. ஓடாதே, உடைக்காதே, பொறுக்காதே. யூ ஆல்வேஸ் சே டோன்ட், லா. அதான் இத செஞ்சேன்.”

குத்தியது. நன்றாகவே குத்தியது. தண்ணீர் நிற்கிற தாம்பாளத்துக்கு மேல் தண்ணீரை நிற்கவிடாதே என்று ஓயாமல் சொல்லும் ஓர் அம்மா. அதைத்தான் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தாள். சுவருக்கு எழுதி எழுதி வீட்டிலும் அப்படியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், ‘தயவுசெய்து’வையும் வெட்டிவிட்டு.

“பொறுக்காதேன்னு நான் சொன்னது தப்பு” என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மிஸ் லிம் அதுவரை ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னார், இத்தனை வருடத்தில் ஓர் இன்ஸ்டலேஷன் முன்னால் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. பூவை எடுக்காதே, திங்கட்கிழமை சான்றிதழ்களோடு வா. இவர் அதைக் கேட்டுவிட்டு, “கணக்கியல் புத்தகத்த யாருக்காவது குடுத்துரலாம்” என்று என் காதில் சொன்னார்.

தனம் அக்காவிடம் மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது சாமி இல்லை, என் மகள் செய்த ஒரு பொருள், உள்ளே பேசுகிறது நான், நான் பேசினது கொசுவைப் பற்றி என்று. அவர் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார்.

“உன் குரலா? பரவால்ல. என் மகன் ரெண்டு வருஷமா பேசல. நேத்து ராத்திரி போன் பண்ணிட்டான்.”

“அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?”

“எனக்கு என்னா தெரியும். பண்ணிட்டான்லா” என்று சொல்லிவிட்டு, அடுத்த சரத்தைத் தொடுத்தார். அந்த மாதம் முழுக்க, கடை திறப்பதற்கு முன் மாடியேறி ஒரு முழம் புதுப் பூ வைத்துவிட்டுத்தான் போனார்.

காலி செய்யச் சொன்ன தேதிக்கு முந்தின வாரம் நான் மறுபடி போனேன், வேலை முடிந்து, தனியாக. டிவிகளுக்குப் பக்கத்துச் சுவரில் ‘பெயரில்லாதது’ என்று நான் எழுதின அட்டை இல்லை. அந்த இடத்தில் வேறொன்று ஒட்டியிருந்தது. கறுப்பு மையில், பெரிய பெரிய எழுத்தாக, முதல் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி: விடாதிர்.

‘தீ’யின் சுழியைக் காணோம், குறிலாகிவிட்டது. என் கை தானாகக் கைப்பைக்குள் போனது, சிவப்புப் பென்சில் விரலில் தட்டியது.

“பேர் வச்சிட்டேன்” என்றாள் ஸ்டெல்லா பின்னாலிருந்து. “நானே எழுதினேன், டிக்ஷனரி பாக்கல. சரியா இருக்காம்மா?”

“சரியா இருக்கு” என்றேன்.

இத்தனை வருட வேலையில் ஒரு பிழையைத் தெரிந்தே நான் விட்டது அன்றைக்குத்தான்.